ஆங்கிலக் குடிச்சொற்கள்: பெயர் சூட்டியோர் யார்?

முன்னுரை

தமிழ் இலக்கணிகள் தகுதி வழக்கினுள் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றையும் அடக்கினர். குழூஉக்குறிக்கு உரையாசிரியர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளை நன்னூல் பயின்றோர் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். உள்ளத்தே கிடக்கும் சொற்களை எல்லாம் உண்டவன் வாயால் வெளியே விளம்பச் செய்வதால் கள் அப்பெயர் பெற்றது போலும். ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் மறைசொல் எது என்று விளக்கப் புகுந்த இலக்கணிகளுக்குக் கள் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. எம்மொழியிலும் குழூஉக்குறிகள் அடர்ந்து முளைக்கும் நிலங்களுள் குடியும் ஒன்றாகும்.

ஆங்கிலத்தில் இந்நிலம் மிகவும் பரந்தது. குடித்திருப்பவனைக் குறிக்க அம்மொழியில் வழங்கிய, இன்றும் வழங்குகின்ற சொற்களையும் தொடர்களையும் தொகுத்தால் அதுவே ஒரு தனி அகராதியாகும். அவற்றை வேடிக்கைக்காகத் தொகுத்தோர் பலர். நாம் இங்கு அவற்றுட் சிலவற்றை வேறொரு நோக்கில் காண முற்படுகிறோம். ஒரு குடிச்சொல்லைக் கண்டால் அதன் பொருள் என்ன என்பதோடு நில்லாமல், அப்பெயரைச் சூட்டியவர் யார் என்றும் கேட்க வேண்டும். குடித்தவரே தமக்கு இட்டுக்கொண்ட பெயரா, அன்றி அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இட்ட பெயரா? இவ்வினா லண்டன் தெருக்களில் தொடங்கி நம் நாட்டு ரப்பர் தோட்டங்கள் வரை நம்மை இட்டுச் செல்கிறது.

தொகுத்தோர் சிலர்

1592இல் வெளிவந்த தம் நூலொன்றில் தாமஸ் நாஷ் என்னும் ஆங்கில எழுத்தாளர் குடியரை எட்டு வகையாகப் பிரித்தார். குரங்குக் குடியன் துள்ளிப் பாடுவான். சிங்கக் குடியன் பாத்திரங்களை வீசிச் சண்டைக்கு நிற்பான். பன்றிக் குடியன் கனத்துக் கிடந்து உறங்குவான். செம்மறிக் குடியன் சொல் ஒன்று நேராக வராத நிலையிலும் தன்னை அறிஞன் என எண்ணிக்கொள்வான். இவ்வெட்டுள் இன்றளவும் பொது ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது 'மாட்லின்' என்னும் சொல். விவிலியத்தில் வரும் மகதலேனா மரியாளை ஓவியர்கள் கண்ணீர் மல்கத் தீட்டுவது வழக்கம். அவள் பெயரின் ஆங்கில ஒலிப்பே குடித்துவிட்டு அன்பு மேலிட்டு அழுபவனுக்கு அடைமொழியாகி, பின்னர் அளவுமீறிய உணர்ச்சிக்கெல்லாம் பொதுவாயிற்று. எட்டாம் வகையாகிய நரிக் குடியனைப் பற்றிச் சொல்லுமிடத்தில் டச்சுக்காரர்களை ஓர் இடி இடிக்க நாஷ் மறக்கவில்லை.

டச்சுக்காரர்மீதான இப்பழி பின்னர் பெருகிற்று. 17ஆம் நூற்றாண்டில் இரு நாடுகளும் கடல் வாணிகத்துக்காகப் போரிட்டன. 1665இல் நடந்த லோவெஸ்டாஃப்ட் கடற்போரை ஒட்டிக் கவிஞர் எட்மண்ட் வாலர், எதிரியின் வீரம் பிராந்தியில் பிறந்தது என்று எள்ளினார். 'டச்சுத் துணிவு' என்றால் குடியால் வரும் போலித் துணிவு என்று ஆங்கிலேயர் இன்றும் சொல்கின்றனர். போர் முடிந்து மூன்றரை நூற்றாண்டு கடந்தும் வசை மட்டும் முடியவில்லை.

தொகுப்பாளருள் தலையாயவர் பெஞ்சமின் ஃபிராங்கிளின். பதினாறு வயதில், தம் தமையனார் பாஸ்டனில் நடத்திய செய்தித்தாளில், கைம்பெண் ஒருத்தியின் புனைபெயரில் மறைந்து அவர் எழுதிய கட்டுரைகளுள் ஒன்று (1722) குடியைப் பற்றியது. அதில் சில சொற்களே இடம்பெற்றன. 1737 ஜனவரியில் தம் சொந்தப் பத்திரிகையாகிய 'பென்சில்வேனியா கெசட்'டில் இருநூற்றுக்கு மேற்பட்ட தொடர்களை அகர வரிசையில் அடுக்கி, 'குடியர் அகராதி' என்று பெயரிட்டு வெளியிட்டார். 'இரண்டு நிலாக் காண்கிறான்', 'எருசலேமுக்குப் போகிறான்', 'பார்படோஸ் போய் வந்தான்', 'ஜெனிவா போய் வந்தான்' என்பன அவற்றுட் சில. பார்படோஸ் ரம் காய்ச்சிய தீவு. ஜெனிவாவோ சுவிஸ் நகரத்தைக் குறிக்கவில்லை. ஜூனிப்பர்க் காயிட்டுக் காய்ச்சிய டச்சு மதுவின் பெயர் ஆங்கிலக் காதில் ஜெனிவா என விழுந்தது. அது குறுகியே 'ஜின்' ஆயிற்று.

இவ்வகராதிக்கு அவர் எழுதிய முன்னுரையின் கருத்து நம் இலக்கண மாணவர்க்குச் சுவையளிப்பது. பிற தீமைகள் நன்மையின் வேடம் புனையவல்லன. கருமித்தனம் சிக்கனம் என்றும் ஊதாரித்தனம் வள்ளன்மை என்றும் பெயர் பெற்றுவிடும். குடிவெறிக்கு மட்டும் கடன்வாங்க ஒத்த நற்குணம் ஒன்றும் இல்லாமையால், அது சுற்றிவளைத்த தொடர்களை நாடவேண்டியதாயிற்று என்கிறார் அவர். இதனை நாம் இடக்கரடக்கல் என்போம். ஆயினும் ஃபிராங்கிளினின் விளக்கம் பாதியளவே பொருந்துகிறது என்பது நம் எண்ணம். நாணத்தால் மறைக்க விரும்புபவனுக்கு ஒரு சொல் போதும். இருநூறு சொல் வேண்டியதில்லை. இத்தொடர்கள் மதுக்கடை உரையாடல்களிலிருந்து திரட்டப்பட்டவை என்று அவரே குறிப்பிடுகிறார். குடித்தவர் தம்மைத் தாமே கிண்டல் செய்து மகிழ்ந்த குரலே அவற்றுள் மிகுதியாகக் கேட்கிறது.

கடலின் சொற்கள்

இக்குரல் தெளிவாக ஒலிக்கும் இடம் பிரித்தானியக் கடற்படையாகும். 'மூன்று பாய்க்கயிறும் காற்றில்' என்னும் தொடர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சேறியது. அதில் வரும் ஆங்கிலச் சொல்லைப் பாய் எனக் கொள்வோர் உளர். கப்பலோட்டிகளின் வழக்கில் அது பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறு. அக்கயிறுகள் கட்டவிழ்ந்தால் பாய் படபடக்கும். கலம் நேரே செல்லாது தள்ளாடும். குடித்தவன் நடையைக் கண்டோர்க்கு உவமையின் பொருத்தம் விளங்கும். 'பாதிக் கடல் கடந்தான்' என்பதும் ஃபிராங்கிளின் பட்டியலில் இருக்கிறது.

இவற்றினும் சிறந்த வரலாறு 'கிராக்' என்னும் சொல்லுக்கு உண்டு. மாலுமிகளுக்கு நாள்தோறும் அரைப் பைண்ட் ரம் வழங்கும் வழக்கம் மேற்கிந்தியக் கடற்பகுதியில் வேரூன்றியிருந்தது. அதனைத் தண்ணீர் கலவாமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டு அவர்கள் பாய்மரத்தில் ஏறி விழுவதும் தம்முள் அடித்துக்கொள்வதும் அங்குத் தலைமை தாங்கிய எட்வர்ட் வெர்னனுக்குப் பெருந்தலைவலியாயின. 1740 ஆகஸ்ட் 21ஆம் நாள் அவர் ஒரு கட்டளை பிறப்பித்தார். ஓர் அரைப் பைண்ட் ரம்முக்கு ஒரு குவார்ட் தண்ணீர், அதாவது ஒன்றுக்கு நான்கு என்னும் கணக்கில், கப்பலின் மேல்தளத்தில் அதிகாரியின் கண்முன் ஒரு தொட்டியில் கலக்க வேண்டும். காலையும் மாலையுமாக இரு வேளை பகிர்ந்தளிக்க வேண்டும். வெர்னன், பட்டும் கம்பளமும் கலந்து நெய்த 'கிராக்ரம்' என்னும் முரட்டுத் துணியாலான மேலாடையை அணிபவர். அதனால் மாலுமிகள் அவரைக் 'கிழட்டுக் கிராக்' என்று தமக்குள் அழைத்துவந்தனர். தண்ணீர் கலந்த ரம்மும் அன்றுமுதல் கிராக் ஆயிற்று.

இங்குப் பெயர் சென்ற திசையை நோக்க வேண்டும். மதுவின் வலிமையைக் குறைத்தவரின் பட்டப்பெயரையே வலிமை குறைந்த மதுவுக்குச் சூட்டிவிட்டனர் கீழ்நிலை மாலுமிகள். கசையடிக்கு அஞ்சி வாய் திறவாதிருந்தவர்களின் எதிர்ப்பு ஒரு சொல்லாக உருப்பெற்றது எனலாம். மேலதிகாரிகளும் நாளடைவில் அச்சொல்லையே ஆளத் தொடங்கினர். தள்ளாடும் குத்துச்சண்டை வீரனைக் குறிக்கும் 'கிராகி' என்னும் சொல்லும் இதன் வழிவந்ததே. ரம்மின் அளவு 1824இல் பாதியாகவும் 1850இல் மேலும் பாதியாகவும் குறைக்கப்பட்டது. 1970 ஜூலை 31ஆம் நாள் முற்றிலும் நிறுத்தப்பட்டது. அந்நாளுக்கும் மாலுமிகள் பெயர் வைக்கத் தவறவில்லை: 'கறுப்பு மிடறு நாள்'. கரீபியத் தீவுகளில் அந்த ரம்முக்கான கரும்பை வெட்டிய ஆப்பிரிக்க அடிமைகள் இட்ட பெயர்கள் இவ்வரிசையில் இடம்பெறவில்லை என்பதையும் உடன் குறிக்க வேண்டும்.

பிரபுவின் போத்தலும் ஏழையின் கோப்பையும்

நிலத்தில் நிலைமை வேறு. 'பிரபுவைப்போல் குடித்திருக்கிறான்' என்னும் தொடர் 17ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்தில் உண்டு. அதில் ஏளனத்தைவிடப் பொறாமையே மிகுதி. அளவின்றிக் குடிக்கப் பொருளும், குடித்தபின் கிடந்து உறங்க ஓய்வும், எழுந்தபின் யாருக்கும் விடை சொல்லத் தேவையில்லாத நிலையும் பிரபுவுக்கே இருந்தன. 1703இல் போர்த்துகலுடன் செய்துகொண்ட மெத்தூன் ஒப்பந்தம் பிரெஞ்சு ஒயினைவிடப் போர்த்துகீசிய ஒயினுக்கு வரியைக் குறைத்தது. அதன்பின் போர்ட் ஒயினே கனவான்களின் குடியாயிற்று. ஒரே அமர்வில் மூன்று போத்தல் போர்ட் குடித்தும் நிமிர்ந்து எழுபவரை 'மூன்று போத்தல் மனிதர்' என்றனர். அது பட்டம்போல் வழங்கிய பெயர். அதனைப் பெற்றவர் நாணவில்லை.

அதே நூற்றாண்டில் ஏழைகள் ஜின் குடித்தனர். 1689இல் ஒல்லாந்து இளவரசர் வில்லியம் ஆங்கில அரியணை ஏறினார். பிரான்சுடன் பகை மூண்டதால் அந்நாட்டுப் பிராந்திக்குத் தடை வந்தது. உள்நாட்டில் தானியத்திலிருந்து மது காய்ச்சும் உரிமை 1690இல் பரவலாகத் திறந்துவிடப்பட்டது. நிலவுடைமையாளர்க்குத் தானியம் விலைபோயிற்று. அரசுக்கு வரி வந்தது. லண்டனின் சந்துகளில் ஜின் மலிந்து பெருகிய பின்னரே அதன் கேடு ஆள்வோர் கண்ணுக்குப் புலப்பட்டது. 1729 முதல் 1751 வரை சட்டத்தின்மேல் சட்டமாக வந்தன. 1729ஆம் ஆண்டுச் சட்டம் நறுமணப் பொருள் சேர்த்த மதுவையே குறிவைத்ததால், அவை ஒன்றும் சேர்க்காத வெறுஞ்சாராயத்தைக் காய்ச்சி விற்றனர். அதற்கு வணிகர் சூட்டிய பெயர் 'பாராளுமன்றப் பிராந்தி'. கிராக்கில் கண்ட அதே குறும்பு இங்கும் உண்டு.

1736ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையானது. சில்லறை விற்பனைக்கு ஆண்டுக்கு 50 பவுன் உரிமக் கட்டணம். காலனுக்கு 20 ஷில்லிங் வரி. காட்டிக்கொடுப்போர்க்கு 5 பவுன் வெகுமதி. சட்டம் நடப்புக்கு வந்த செப்டம்பர் இறுதியில் 'ஜெனிவா அம்மையார்' இறந்துவிட்டார் என்று கடைகளில் கறுப்புத் துணி தொங்கவிட்டு மக்கள் போலி இறுதிச் சடங்குகள் நடத்தினர். மருந்துக்கடைகளில் ஜின் 'வயிற்றுவலி நீர்' ஆயிற்று. வேறிடங்களில் 'மகளிர் மகிழ்ச்சி' என்றும் பிறவாறும் உலவியது. டட்லி பிராட்ஸ்ட்ரீட் என்பவர் செய்த தந்திரத்தை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் (1755) எழுதி வைத்திருக்கிறார். தெருவை நோக்கிய சன்னலில் ஒரு பூனை உருவத்தைப் பதித்து, அதன் பாதத்தின் கீழ் ஈயக் குழாய் ஒன்றை வெளியே விட்டார். வருபவர் பூனையை விளித்துத் தமக்கு வேண்டிய அளவைச் சொல்லி அதன் வாயில் காசிட்டால், உள்ளிருந்து குழாய் வழியே ஜின் ஒழுகும். விற்றவன் முகம் தெரியாததால் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை.

இவ்வளவு சொல்வளம் ஏழைகளிடமிருந்தும் ஜின்னுக்கு இன்று நிலைத்திருக்கும் பெயர் அவர்கள் தந்ததன்று. வில்லியம் ஹோகார்த் 1751இல் இரு செதுக்கோவியங்களை இணையாக வெளியிட்டார். 'பீர் தெரு'வில் கொழுத்த, உழைக்கும், மகிழ்ந்த ஆங்கிலேயர். 'ஜின் சந்தில்' படிக்கட்டில் அமர்ந்த தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. பிற்கால ஆங்கிலத்தில் ஜின்னுக்கு வழங்கலாயிற்றான 'தாயின் அழிவு' என்னும் பெயர் அப்படத்தின் எதிரொலியாகவே தோன்றுகிறது. பிரபுவின் குடிக்குப் பட்டம் கிடைத்தது. ஏழைத் தாயின் குடிக்குக் குற்றப்பத்திரிகை கிடைத்தது. ஜின்னால் நேர்ந்த கேடு மெய்யானதே, அதனை நாம் குறைத்துக் கூறவில்லை. தானியத்தை விற்றவர் பெயரால் ஒரு குடிச்சொல்லும் பிறக்கவில்லை என்பதையே சுட்டுகிறோம்.

கிழக்கிலிருந்து சென்றவை

கிழக்கிந்தியக் கும்பெனியார் இங்கிருந்து மிளகும் துணியும் மட்டும் கொண்டுசெல்லவில்லை. 'பஞ்ச்' என்னும் கலப்பு மது 1632இல் கும்பெனிப் பணியாளர் ஒருவர் எழுதிய கடிதத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. ஐந்து பொருள் கலந்தமையால் இந்தியில் ஐந்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது வந்தது என்று 17ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவில் பயணம் செய்த ஜான் ஃபிரையர் விளக்கினார். இதனை ஐயுறும் ஆய்வாளரும் உளர். 'அராக்' அரபு மொழியில் வியர்வையைக் குறிக்கும் சொல். காய்ச்சும்போது துளித்துளியாக வடிவதால் அப்பெயர். தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' புதினத்தில் (1847–48), இந்தியாவில் கலெக்டராக இருந்து திரும்பிய ஜோஸ் செட்லி என்பவன் லண்டன் வாக்ஸால் பூங்காவில் அராக் பஞ்ச் ஒரு பாத்திரம் குடித்துக் கூத்தடிக்கிறான். அக்கூத்து நகைச்சுவைக் காட்சியாகவே அமைந்துள்ளது.

நம் ஆய்வுக்கு உயிரானது 'டாடி' என்னும் சொல். வடமொழித் தாலம் இந்தியில் 'தாட்' ஆகிப் பனையைக் குறித்தது. பனையிலிருந்து இறக்கியது 'தாடி'. (தமிழர் காதுக்கு அது முகவாயை நினைவூட்டினால் நாம் பொறுப்பல்ல.) ஆங்கிலேயர் நாவில் அது டாடி ஆயிற்று. அச்சொல் 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து சென்று, வெந்நீரும் சர்க்கரையும் சேர்த்த விஸ்கிக்குப் பெயராயிற்று. ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் வெளியிட்ட கவிதையொன்றில், திருவிருந்துக் கூட்டத்துக்கு வந்த இளைஞரும் மகளிரும் மேசையைச் சுற்றி அமர்ந்து அதனைக் கலக்கிக் குடிக்கின்றனர். சளி பிடித்தவனுக்குப் பாட்டிமார் தரும் கைம்மருந்து என்னும் நற்பெயரும் அங்கு அதற்கு உண்டு. பனையேறியின் கள் குளிர்நாட்டில் கணப்படுப்பின் அருகே மரியாதையான இடம் பெற்றது.

தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னெல், கர்னல் ஹென்றி யூலுடன் சேர்ந்து தொகுத்து, பர்னெல் மறைந்தபின் 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் ஆங்கில-இந்தியச் சொல்லகராதியில் இச்சொற்கள் யாவும் உள்ளன. பிராந்தியும் சோடாவும் கலந்த 'பெக்' என்பதற்கு, ஒவ்வொன்றும் குடிப்பவன் சவப்பெட்டியில் அறையும் ஓர் ஆணி என்று வெள்ளையர் தமக்குள் சொல்லிக்கொண்ட விளக்கத்தையும் அது தருகிறது. இங்கும் குடித்தவரே பெயரிட்டுத் தம்மைத் தாமே நகையாடுகின்றனர். அகராதி எழுதியவரும் அதே கூட்டத்தவர் ஆதலால் அந்நகை பதிவாயிற்று.

மலாயாவில் இரு சொற்கள்

மலாயாவுக்கு வந்த ஆங்கிலேயர் மலாய் மொழியிலிருந்து பாதி என்னும் பொருளுடைய சொல்லை எடுத்து, விஸ்கியும் சோடாவும் பாதிப்பாதியாகக் கலந்ததற்குச் 'ஸ்டெங்கா' என்று பெயர் வைத்தனர். கசப்பு என்னும் மலாய்ச் சொல் 'ஜின் பாகிட்' ஆயிற்று. கிளப்பில் இவற்றை வரவழைத்துச் சீட்டில் கையெழுத்திட்டால் போதும். பணம் மாத இறுதியில். அச்சீட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இந்தியிலிருந்து சென்றதே. 1921இல் இங்குப் பயணம் செய்த சாமர்செட் மாமின் 'காசுவரினா ட்ரீ' (1926) தொகுதிக் கதைகளில் இம்மதுக்கள் ஓயாமல் ஊற்றப்படுகின்றன. மாம் வெள்ளையரின் குடியைச் சிரித்து விட்டுவிடவில்லை. அதிகாரி ஒருவன் குடியால் அழிவதும் மனைவி கையால் மடிவதும் அத்தொகுதியிலேயே கதையாகியுள்ளன. அவனுக்கு ஒரு பெயர் உண்டு, வீடு உண்டு, அவன் துயரைக் கேட்க ஒரு குடும்பம் உண்டு.

கிளப்பிலிருந்து சிறிது தொலைவில், அதே தோட்டத்தில், உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. அங்கு விற்றது தென்னங்கள். ஆங்கில ஆவணங்களில் அதுவும் டாடிதான். ஸ்காட்லாந்தில் கைம்மருந்தான சொல் இங்கு வந்ததும் உரிமம், ஒழுங்கு, வேலைக்கு வராமை, சச்சரவு என்னும் தலைப்புகளின் கீழ் எழுதப்படும் சொல்லாயிற்று. கள்ளுக்கடையை நடத்தவிடாவிடில் தொழிலாளர் அதனினும் கொடிய சம்சுவை நாடுவர் என்று அதிகாரிகள் நியாயம் கூறினர். அந்நியாயத்தில் ஓரளவு உண்மை இருந்தது என்றே கொள்வோம். குடிப்பவனுக்குத் தோட்டத்திலேயே கடை வைத்துக் கொடுத்துவிட்டு, குடிகாரன் என்று அவனையே சுட்டியது எவ்வகை நியாயம் என்பது வேறு வினா. 1690இல் தானியச் சாராயத்தைத் திறந்துவிட்டுப் பின்னர் ஜின் சந்தைக் கண்டு முகம்சுளித்தவர்களின் வழியில் வந்தவர்களே இவர்கள்.

லண்டன் ஏழைகள் ஜெனிவா அம்மையாருக்கு இறுதிச் சடங்கு நடத்தினர்; இங்கு நிகழ்ந்தது வேறு. தமிழ்ச் சீர்திருத்தவாதிகள் பல்லாண்டுகள் கள்ளை எதிர்த்துப் பேசியும் எழுதியும் வந்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளர்க்கு இணையான ஊதியம், பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தின் ஒழிப்பு ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. அவ்வாண்டு மே மாதம் அவர்களின் தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார்; படை வந்தது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். போருக்குப்பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கினர். 1947இல் பீடோங் பகுதியில் காவல்துறையினருடன் ஏற்பட்ட மோதலில் தொழிலாளர் ஒருவர் உயிர் இழந்தார். குடிகாரர் என்று ஆவணங்களில் பெயர் எழுதப்பட்டவர்களே குடிக்கடையை மூடக் கோரினர். கடையைக் காத்து நின்றது அரசு.

இன்று மலாய் மொழியில் கள்ளைத் 'தோடி' என்கின்றனர். பனையிலிருந்து இந்திக்கும் இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கும் அச்சொல் வந்து சேர்ந்தது. தோட்டத்தில் மரமேறி அதனை இறக்கியவரும், மாலையில் வரிசையில் நின்று குடித்தவரும், கடை வாயிலில் மறியல் செய்தவரும் அதனைக் கள் என்றே சொல்லி வந்தனர்.